தேசிய விண்வெளி ஏவுதளத் திட்டத்தை எடைபோடுவது எப்படி?

மலேசியாவில் தேசிய விண்வெளி ஏவுதளம் ஒன்று அமையவிருக்கிறது என்ற செய்தி சில ஆண்டுகளாக வந்துகொண்டே இருக்கிறது. பகாங், சபா, சரவாக் ஆகிய மாநிலங்களின் பெயர்கள் மாறி மாறி அடிபடுகின்றன. பகாங்கில் சாத்தியக்கூறு ஆய்வு நடத்துவதற்காக 2025-ஆம் ஆண்டில் சீன நிறுவனம் ஒன்றுடன் எண்ணக் கடிதமும் கையெழுத்தானது. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் உள்ள நம் குடும்பங்களில் ஒரே மாதிரியான கேள்விகள் எழுகின்றன: பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்ப்பது, அந்தப் பக்கம் நிலம் வாங்கிப் போடலாமா, நம் பட்டறைக்கு வேலை ஏதும் கிடைக்குமா? இவற்றுக்கு ஒருவர் தாமாகவே விடை தேடிக்கொள்ளும் முறையை இங்கே எழுதுகிறேன். இந்நாடு விண்வெளித் துறையில் கால் பதிக்க வேண்டும் என்று உளமார விரும்புபவன் நான். அதனால்தான், திட்டத்தைக் கைதட்டி வரவேற்பதற்கு முன் அதை முறையாக ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்கிறேன்.

திட்டம் எந்தப் படியில் நிற்கிறது?

எண்ணக் கடிதம், புரிந்துணர்வு ஒப்பந்தம், சாத்தியக்கூறு ஆய்வு, நில ஒதுக்கீடு, நிதி ஒதுக்கீடு, உரிமம் ஆகியவை வெவ்வேறு படிகள். செய்தித் தலைப்பில் இவை எல்லாமே "ஏவுதளம் வருகிறது" என்று ஒன்றாகிவிடுகின்றன. எண்ணக் கடிதம் பொதுவாக எவரையும் எதையும் கட்டும்படி கட்டாயப்படுத்தாது. ஆய்வு என்பது "வேண்டாம்" என்ற முடிவுக்கும் வரக்கூடிய ஒன்று. நிலம் நம் கூட்டரசு அரசமைப்பின்படி மாநில அரசின் அதிகாரத்தில் இருக்கிறது. ஏவுதல் தொடர்பான உரிமமோ 2022-ஆம் ஆண்டின் மலேசிய விண்வெளி வாரியச் சட்டத்தின் கீழ் கூட்டரசின் கையில் இருக்கிறது. எனவே மாநில முதல்வரின் அறிவிப்பு மட்டும் போதாது, கூட்டரசு அமைச்சரின் அறிவிப்பு மட்டும் இருந்தாலும் போதாது. இருவரும் ஒரே இடத்தையும் ஒரே கால அளவையும் சொல்கிறார்களா என்று பாருங்கள். நாடாளுமன்ற விவாதங்களின் அதிகாரபூர்வப் பதிவு இணையத்தில் எவருக்கும் கிடைக்கிறது; அதில் இத்திட்டம் குறித்த கேள்விகளையும் அமைச்சின் பதில்களையும் மலாய் மொழியில் அப்படியே படிக்கலாம். வரவு செலவுத் திட்டத்தில் இத்திட்டத்தின் பெயரில் தனி ஒதுக்கீடு வரும்வரை, இதை நம்பி வீட்டுச் சேமிப்பைக் கொண்டுபோய் நிலத்தில் போடுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

வரைபடத்தை விரித்து, அளவுகோலை எடுங்கள்

நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதே நம் நாட்டின் மிகப் பெரிய பலம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது உண்மைதான், ஆயினும் எவ்வளவு உண்மை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், நிலநடுக்கோட்டில் நிற்கும் ராக்கெட்டுக்கு நொடிக்கு ஏறத்தாழ 465 மீட்டர் வேகம் இலவசமாகக் கிடைக்கிறது. தாழ்வான சுற்றுப்பாதையை எட்ட நொடிக்கு ஏறக்குறைய 7,800 மீட்டர் வேகம் தேவைப்படுவதால், இது ஒதுக்கிவிடக்கூடிய உதவி அன்று. அமெரிக்காவின் கேப் கனாவரல் 28.5 பாகை வடக்கில் இருப்பதால் அங்கே இது 409 மீட்டராகக் குறைகிறது. ஆனால் இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏறத்தாழ 452 மீட்டரும், பிரெஞ்சு கயானாவின் கூருவில் 463 மீட்டரும் கிடைக்கின்றன. குவாந்தானை ஒட்டிய கடற்கரையில் கிடைப்பது 464 மீட்டர். 1960-களிலிருந்தே இயங்கிவரும் கூருவோடு ஒப்பிட்டால் நமக்கு நொடிக்கு ஒரு மீட்டர்தான் கூடுதல்.

புவிநிலைச் சுற்றுப்பாதைக்குச் செல்லும் பெரிய தொலைத்தொடர்புத் துணைக்கோள்களுக்கு இந்த இட வசதி இன்னும் கூடுதலாகப் பயன்படும். அந்தப் பாதை நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே இருக்கிறது. கேப் கனாவரலிலிருந்து செல்லும் துணைக்கோள் தன் பாதையைச் சாய்த்துத் திருப்ப எரிபொருளைச் செலவிட வேண்டும்: அதன் கடைசி உந்தலுக்கு நொடிக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் தேவைப்படுகிறது, கூருவிலிருந்து சென்றால் 1,500 மீட்டர் போதும். நம் மீசாட் துணைக்கோள்களில் பலவும் கூருவிலிருந்து ஏரியான் ராக்கெட்டுகளில் சென்றன. 1996-இல் சென்ற மீசாட்-1, 2022 ஜூன் மாதம் சென்ற மீசாட்-3டி ஆகிய இரண்டும் அவ்வகையே. 2009-இல் நம் நாட்டின் ராசாக்சாட் துணைக்கோள் பசிபிக் பெருங்கடலின் குவாஜலீன் பவளத்தீவிலிருந்து ஃபால்கன்-1 ராக்கெட்டில் சென்றது. அதன் பாதை நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை மட்டுமே சாய்ந்திருந்தது.

ஆனால் பூமியைப் படமெடுக்கும் சிறு துணைக்கோள்களில் மிகப் பல வடக்கு-தெற்காகத் துருவங்களைக் கடந்து சுற்றுபவை. அவற்றுக்குப் பூமியின் சுழற்சியால் உதவியில்லை. சிறிது இடையூறும் உண்டு. அவற்றை அனுப்ப வடக்கிலோ தெற்கிலோ ஆளில்லாத கடல் விரிந்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அளவுகோல் தேவைப்படுகிறது. பள்ளிப் பிள்ளைகளின் நிலநூல் படத்தொகுப்பே போதும். குவாந்தானில் அளவுகோலை வைத்துத் தெற்கே கோடு இழுங்கள்: ஜொகூர் குறுக்கே வருகிறது, அதற்கப்பால் சுமத்ராவின் ஜம்பி. நேர் கிழக்கே இழுத்தால் முதலில் தென்சீனக் கடல் திறந்து கிடக்கிறது. 500 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டியதும் கோடு இந்தோனேசியாவின் நத்துனா தீவுகளின் மேல் ஏறுகிறது, பிறகு சரவாக்குக்கும் இந்தோனேசியாவின் வட கலிமந்தானுக்கும் மேலாகப் போகிறது. ராக்கெட்டின் முதல் கட்டம் எரிந்து முடிந்தபின் ஏவிய இடத்திலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி விழும். அது எங்கே விழும், அந்தக் கடற்பரப்பில் மீன்பிடிப்பவர் யார், எந்த நாட்டின் ஒப்புதல் வேண்டும் ஆகிய மூன்றுக்கும் ஆய்வறிக்கை விடை சொல்லியாக வேண்டும். சபாவின் கிழக்குக் கரையில் அளவுகோலை வைத்தால் செலிபஸ் கடல் ஏழு பாகை அகலத்துக்கு விரிகிறது, அதன் கிழக்கு ஓரத்தில் சங்கிஹே தீவுகள் நிற்கின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சாதகமும் ஒரு பாதகமும் இருப்பதை இந்த ஒரு கோடே காட்டிவிடும்.

தமிழர்கள் நன்கு அறிந்த எடுத்துக்காட்டும் ஒன்று உண்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவினால் இலங்கை குறுக்கிடும். அதைச் சுற்றி வளைந்து செல்வதில் எரிபொருள் வீணாகிறது, சிறிய ராக்கெட்டுக்கு அந்த இழப்பு மிகப் பெரிது. அதற்காகவே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து தெற்கே பார்த்தால் திறந்த பெருங்கடல். இந்தியா தன் இரண்டாவது தளத்துக்கு இடம் தேர்ந்தபோது கணக்கில் முன்நின்றது திசை. நம் ஆய்விலும் அந்தக் கேள்வி முன்வரிசையில் இருக்க வேண்டும்.

வானிலையை மறந்துவிடக் கூடாது. கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவமழை. ஆண்டு முழுவதும் இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. 1969 நவம்பரில் அப்பல்லோ 12 புறப்பட்ட ஒரு நிமிடத்துக்குள்ளேயே அதை மின்னல் தாக்கியது. ஆண்டில் எத்தனை நாள்கள் ஏவுவதற்கு உகந்தவை என்ற எண்ணிக்கையைக் கேளுங்கள், வருமானக் கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

ஏவப்போவது யார்?

ஓடுபாதை கட்டினால் விமானம் வந்துவிடும் என்று எண்ணுவதுபோல், தளம் கட்டினால் ராக்கெட் வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனின் கார்ன்வாலில் இருந்த தளம் விர்ஜின் ஆர்பிட் என்ற ஒரே நிறுவனத்தை நம்பி நின்றது. 2023 ஜனவரி 9 அன்று நடந்த முதல் ஏவுதல் தோல்வியடைந்தது, ஏப்ரல் மாதத்திற்குள் அந்நிறுவனமே திவாலானது. அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலம் 20 கோடி டாலருக்கும் மேற்பட்ட பொதுப்பணத்தில் ஸ்பேஸ்போர்ட் அமெரிக்காவைக் கட்டியது. அதன் முனையக் கட்டடம் 2011-இல் திறக்கப்பட்டது. முதன்மை வாடகைதாரரான விர்ஜின் கலாக்டிக்கின் முதல் வணிகப் பயணம் நடந்ததோ 2023 ஜூன் மாதத்தில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த வட்டார மக்கள் விற்பனை வரியாகத் தங்கள் பங்கைச் செலுத்திக்கொண்டே இருந்தார்கள்.

மறுபக்கத்தில், நியூசிலாந்தின் மஹியா தீபகற்பத்தில் ராக்கெட் லேப் நிறுவனம் தன் சொந்த ராக்கெட்டுக்காகத் தானே தளம் அமைத்தது. 2017 மே மாதம் முதன்முறை ஏவி, 2018 ஜனவரியில் சுற்றுப்பாதையை எட்டியது. அங்கே ராக்கெட்டும் வாடிக்கையாளரும் முதலில் இருந்தார்கள், தளம் அவர்களைத் தேடி வரவில்லை. மலேசியத் திட்டத்தைப் படிக்கும்போது, எந்த ராக்கெட், அது இதுவரை எத்தனை முறை வெற்றிகரமாகப் பறந்திருக்கிறது, ஆண்டுக்கு எத்தனை ஏவுதலுக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது என்று தேடுங்கள். போட்டியின் அளவையும் மனத்தில் வையுங்கள்: 2024-இல் உலகில் நடந்த சுற்றுப்பாதை ஏவுதல்களில் ஏறத்தாழ பாதியை ஸ்பேஸ்எக்ஸ் என்ற ஒரே நிறுவனம் நடத்தியது, அதன் ராக்கெட்டின் முதல் கட்டம் திரும்பி வந்து இறங்கி, மறுபடியும் பறக்கிறது.

பங்காளி நாடு எது என்பதும் வெறும் அரசியல் அன்று, வியாபாரத்தையே தீர்மானிக்கிற ஒன்று. அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு விதிகளால், அமெரிக்கப் பாகங்கள் உள்ள துணைக்கோள்களைச் சீன ராக்கெட்டில் ஏற்றுவதற்கு வழியில்லாத நிலை நெடுங்காலமாக நீடிக்கிறது. அமெரிக்கத் தொழில்நுட்பத்தை வரவேற்பதற்குப் பிரேசில் 2019-இல் தொழில்நுட்பப் பாதுகாப்பு உடன்பாடு ஒன்றில் கையெழுத்திட வேண்டியிருந்தது. ஒரு பங்காளியைத் தேர்ந்தால் ஒரு வகை வாடிக்கையாளர் வருவார், மற்றொரு வகை வாடிக்கையாளர் வரமாட்டார். இதில் எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லாத வருமானக் கணிப்பை நம்ப வேண்டாம்.

பணம் எங்கே இறங்குகிறது?

பொருளாதார நன்மை என்று சொல்லப்படும் தொகையைப் பார்த்ததும் மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: கட்டுமானக் காலத்தில் மட்டும் வருவது, தளம் இயங்கும்போது ஆண்டுதோறும் வருவது, தளம் இருப்பதால் வேறு தொழில்களுக்கு வரக்கூடியது. முதலாவது நிச்சயமானது, சில ஆண்டுகளில் முடிந்துவிடும். இரண்டாவதைப் பலரும் மிகைப்படுத்துகிறார்கள். உலக விண்வெளிப் பொருளாதாரத்தில் ராக்கெட் ஏவும் கட்டணம் மிகச் சிறிய பங்கு, சில விழுக்காட்டைத் தாண்டாது. பெரும்பணம் தரையில் இருக்கும் கருவிகளிலும் சேவைகளிலும் புரள்கிறது: ஆண்டெனா, வழிகாட்டிக் கருவி, தொலைக்காட்சி ஒளிபரப்பு, இணைய இணைப்பு, படத் தரவு. பாயான் லெப்பாஸில் 1972-இலிருந்து மின்னணுப் பொருள்கள் செய்துவரும் பினாங்குக்கு இது நல்ல செய்தி. அந்தப் பெரும்பங்கில் சேருவதற்கு ஏவுதளம் கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எண்களைக் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலேசிய வானூர்தித் தொழில் பெருந்திட்டம் 2030-க்குள் 5,520 கோடி ரிங்கிட் வருமானத்தையும் 32,000 உயர்வருமான வேலைகளையும் இலக்காக வைத்திருக்கிறது. இது பெரும்பாலும் விமானப் பாகங்களும் விமானப் பராமரிப்பும் சார்ந்த இலக்கு. ஏவுதளத்தால் வரும் வேலைகள் என்று யாராவது இந்த எண்ணைக் காட்டினால், அது வேறு கணக்கு என்று சொல்லுங்கள்.

ஏவுதளம் செல்வம் தரும், ஆனால் அந்தச் செல்வம் பக்கத்து ஊருக்குப் போய்ச் சேரும் என்பதற்குத் தனி உறுதி வேண்டும். உலகின் மிக வெற்றிகரமான ஏவுதளங்களில் ஒன்றான கூருவில், 2017 மார்ச் மாதம் உள்ளூர் மக்கள் தளத்துக்குச் செல்லும் சாலையை மறித்தார்கள். மருத்துவமனை, பாதுகாப்பு, வேலை ஆகியவையே அவர்கள் கேட்டவை. ஏரியான் ராக்கெட் ஒன்று வாரக்கணக்கில் தளத்திலேயே காத்திருந்து, மே மாதத்தில்தான் பறந்தது. உள்ளூர் வேலைக்கு எத்தனை விழுக்காடு, பயிற்சிக்கு எவ்வளவு தொகை, மாநிலத்துக்கு என்ன பங்கு என்பவை ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கிறதா என்று கேட்பது அதனால்தான்.

பொறுப்பு என்ற சிறிய பகுதியையும் தள்ளிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் அனைத்துலகப் பொறுப்பு உடன்பாட்டின்படி, எந்த நாட்டின் நிலத்திலிருந்து ஏவப்படுகிறதோ அந்த நாடும் ஏவும் நாடாகவே கருதப்படுகிறது. தரையில் நேரும் சேதத்துக்கு அது முழுப்பொறுப்பு ஏற்க வேண்டியிருக்கும். 1978-இல் சோவியத்தின் காஸ்மாஸ் 954 கனடாவில் விழுந்தபோது, இறுதியில் 30 லட்சம் கனடா டாலர் இழப்பீடு கொடுக்கப்பட்டது. ராக்கெட் வெளிநாட்டாருடையது, ஆனால் சேதத்துக்கு நம் கருவூலமும் பிணை. காப்புறுதி எவ்வளவு, பிரீமியம் கட்டுவது யார் என்பது அறிக்கையில் இருக்க வேண்டும்.

நிலமும் அங்கே வாழ்பவர்களும்

பிரேசிலின் அல்கந்தாரா தளம் 2.3 பாகை தெற்கில், குவாந்தானைவிடவும் நிலநடுக்கோட்டுக்கு நெருக்கமாக இருக்கிறது. 1980-களில் அதற்காகக் கடற்கரையில் பரம்பரையாக வாழ்ந்த ஆப்பிரிக்க வம்சாவளிக் குடும்பங்கள் பல நூறு உள்நாட்டுக்குப் பெயர்க்கப்பட்டன. கடலை நம்பியவர்களைக் கடலிலிருந்து பிரித்ததால் எழுந்த வழக்கு பல பத்தாண்டுகள் நீண்டது. 2003 ஆகஸ்டில் அங்கே ராக்கெட் தளத்திலேயே வெடித்து 21 பேர் உயிரிழந்தார்கள். இட வசதி முழுமையாக இருந்தும் அத்தளம் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீடிழந்த நினைவு நம் சமூகத்தில் இன்னும் ஆறவில்லை. ஆகவே கிழக்குக் கரையின் மீனவர்களும் ஒராங் அஸ்லி மக்களும் சபா, சரவாக் பூர்வகுடியினரும் எந்த நிலத்தில் நிற்கிறார்கள் என்று கேட்பது நமக்குத் தொடர்பில்லாத காரியம் அன்று.

கேட்பதற்கான வழி சட்டத்தில் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில், 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் பொதுப் பார்வைக்கு வைக்க வேண்டிய வகையில் ஒரு திட்டம் சேர்க்கப்பட்டால், அதன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டறிக்கையை எவரும் படித்துக் கருத்து அனுப்பலாம். சபாவிலும் சரவாக்கிலும் இதற்கு அந்தந்த மாநிலச் சட்டங்கள் இருக்கின்றன. 1976-ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி வட்டாரத் திட்ட வரைவுகளுக்கும் ஆட்சேபம் தெரிவிக்க இடமுண்டு. அறிக்கை தடிமனாக இருக்கும், அனைத்தையும் படிக்கத் தேவையில்லை. எரிபொருள் சேமிப்பு, ஏவும் நாளில் எத்தனை கிலோமீட்டருக்கு மீன்பிடித் தடை, கடலாமை முட்டையிடும் கரைகள், நிலம் இழப்போர் பட்டியல் ஆகிய நான்கு பகுதிகளை முதலில் எடுங்கள். கருத்து எழுதும்போது பக்க எண்ணையும் பத்தி எண்ணையும் குறிப்பிட்டு, ஒரு கடிதத்தில் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். பொதுவான ஆதரவோ எதிர்ப்போ கோப்பில் ஓர் எண்ணிக்கையாகப் போய்விடும்; குறிப்பான கேள்வியைத் தட்டிக்கழிப்பது கடினம்.

பட்டறையும் படிப்பும்

பிறையிலோ சுங்கை பூலோவிலோ சிறு பட்டறை நடத்துபவர் ஏவுதளத்தை எதிர்பார்த்து இயந்திரம் வாங்கக் கூடாது. வானூர்தித் துறைக்கும் விண்வெளித் துறைக்கும் பொதுவான ஏஎஸ்9100 தரச் சான்றிதழை நோக்கி நடப்பது நல்லது. இது மாதக்கணக்கில் ஆகும் வேலை. பெரும்பகுதி எழுத்து வேலைதான்: எந்தக் கம்பி எந்தக் கட்டிலிருந்து வந்தது, யார் அறுத்தார், யார் அளந்தார் என்று ஒவ்வொரு பாகத்துக்கும் பின்னோக்கிச் செல்லும் பதிவு வேண்டும். ஏவுதளம் வராமலே போனாலும் விமானப் பாகங்கள் செய்யும் பெரிய நிறுவனங்களின் கதவை இது திறக்கும்.

மின்னணுத் துறையில் இருப்பவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். 2006 ஜூலையில் ஐரோப்பிய விதி நடைமுறைக்கு வந்தபின், நம் தொழிற்சாலைகளில் ஈயமில்லாப் பற்றவைப்பே வழக்கமாகிவிட்டது. விண்வெளிக் கருவிகளில் நிலைமை நேர்மாறு. தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து காலப்போக்கில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய உலோக முடிகள் முளைத்து, அடுத்தடுத்த முனைகளைத் தொட்டு மின்சுற்றைக் குறுக்கிட்டுவிடும். விண்ணில் போய் அதைச் சுரண்டி எடுக்க ஆளில்லை. அதனால் விண்வெளித் தரம் வெள்ளீயத்தில் குறைந்தது 3 விழுக்காடு ஈயம் கலந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. ஒரே கூரையின் கீழ் இரண்டு வகையும் நடந்தால் பற்றவைப்புக் கம்பி, முனை, பாகப் பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியாக வைக்க வேண்டும். இந்த ஒழுங்கை இன்றே பழகியிருக்கும் மேசைக்கு வெளிநாட்டுத் துணைக்கோள் நிறுவனங்களும் வேலை கொடுக்கலாம். அதிர்வுச் சோதனை, வெற்றிட வெப்பச் சோதனை போன்றவற்றுக்கான வசதி பந்திங்கில் மலேசிய விண்வெளி நிறுவனத்திடம் இருக்கிறது; தங்கள் பொருளுக்கு எந்தச் சோதனை தேவை என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது செலவைக் குறைக்கும்.

பிள்ளைகளின் படிப்புக்கு வருவோம். பினாங்கில் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்திலேயே வான்வெளிப் பொறியியல் பள்ளி இருக்கிறது. சிலாங்கூர் டெங்கிலில் விமானப் பராமரிப்பு கற்பிக்கும் யூனிகேஎல் மியாட் இருக்கிறது. 1989-இல் தொடங்கிய பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் வேலையில் இருப்பவர்களுக்கும் பயிற்சி தருகிறது. பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்த பிள்ளை "ராக்கெட் விஞ்ஞானி ஆக வேண்டும்" என்று சொன்னால், அந்த ஆசையைக் குறைத்துப் பேசாமல், இயற்பியலும் கூடுதல் கணிதமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். இயந்திரவியல், மின்னணுவியல், மென்பொருள், பொருளறிவியல் ஆகிய நான்கில் எதில் கை தேர்ந்தாலும் விண்வெளித் துறைக்குப் போகலாம். அங்கே இடம் கிடைக்கும்வரை வேறு துறையில் வேலையும் செய்யலாம். "விண்வெளி" என்ற பெயர் மட்டும் பெரிதாக எழுதப்பட்ட தனியார் சான்றிதழ் வகுப்புகளுக்குக் கட்டணம் கட்டுவதற்கு முன், அந்தச் சான்றிதழை மலேசியத் தகுதி முகமை ஏற்றிருக்கிறதா என்று அதன் பதிவேட்டில் பெயரைத் தட்டிப் பார்த்துவிடுங்கள்.